அசல் டயல்

“இதுவும் இல்ல தம்பி. அதுல ஆறு மணிக்கு மேல செவப்பு எழுத்துல ஒரு வரி இருக்கும்” என்றார் பேச்சிமுத்து.

வாட்ச் ரிப்பேர்க்காரன் பத்ரிநாத் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றி வைத்தான். “திண்டுக்கல்லுல சொல்லி வாங்கினேங்கய்யா. இது சரியா இருக்கும்னு நினைச்சேன்.”

பேச்சிமுத்து பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். வாடிப்பட்டியிலிருந்து இந்தச் செல்லூர்ச் சந்துக்கு இது ஏழாவது நடை. ஐந்து மாதமாகிறது. ஒரு தடவை பன்னிரண்டுக்குப் பதிலாக முக்கோணம் இல்லாத டயல். இன்னொரு தடவை எல்லாம் சரி, டயலுக்குப் பின்னால் இருந்த கம்பிக்கால் மிஷின் ஓட்டையில் உட்காரவில்லை.

மேஜையில் கிடந்தது பேச்சிமுத்து பழைய சாமான் கடையில் வாங்கி வந்த தடித்த வாட்ச். சுற்றிலும் எண் போட்ட வளையம் திருகும். கடலில் முங்கி வேலை செய்கிறவர்கள் கட்டுவது. டயல்தான் கோளாறு. யாரோ அதில் நீலப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவருடைய மகன் சின்னக்கருப்பனின் கல்யாண போட்டோ. அதில் அவன் கையிலிருந்த வாட்சுக்குக் கறுப்பு டயல்.

“மகன் எங்க வேலை பார்த்தாருன்னு சொன்னீங்க?”

“விசாகப்பட்டினம் துறைமுகத்துல. கப்பலுக்கு அடியில முங்கி வெல்டிங் வைக்கிற வேலை. கல்யாணமாகி எட்டாம் மாசம் போனவன். நாலு வருசமாச்சு.”

பத்ரிநாத் நீல டயலை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். “இதுலயே கறுப்புப் பெயிண்ட் அடிச்சுத் தரட்டுமாய்யா? யாருக்கும் தெரியாது” என்றான்.

“எனக்குத் தெரியாது. மருமகளுக்குத் தெரியும். அந்த எட்டு மாசமும் தொடச்சுத் தொடச்சு வச்சது அந்தப் புள்ளதான். எந்தப் புள்ளி எம்புட்டு மஞ்சளாப் போயிருக்குன்னுகூடச் சொல்லும்.”

“அப்ப அசலேதான் வேணும்.”

“அசலேதான் வேணும். வாரேன் தம்பி.” பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

இருபது நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. தூத்துக்குடியில் மிஷின் செத்துப்போன ஒரு வாட்சில் டயல் மட்டும் பழுதில்லாமல் கிடைத்திருக்கிறது, வரவும் என்று பத்ரிநாத் எழுதியிருந்தான்.

போனார். கறுப்பு டயல். பன்னிரண்டில் முக்கோணம். வெயிலில் கிடந்த சோளம்போல மஞ்சளித்த புள்ளிகள். ஆறுக்கு மேலே சிவப்பில் ஒரு வரி. பத்ரிநாத் டயலை மிஷினில் வைத்து அழுத்தினான். இரண்டு காலும் உட்கார்ந்தன. பேச்சிமுத்துவுக்குச் சந்தோஷமாக இல்லை. எங்கேயாவது ஒரு நிழலில் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது.

“மகன் ஞாபகமா பத்திரமா வச்சுக்கங்கய்யா.”

அவர் வாட்சைத் துண்டில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் தங்கப்பொண்ணு ரோட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். தினமும் ஆறு மணி பஸ்ஸைப் பார்க்கப் போவாள். சின்னக்கருப்பனிடமிருந்து முதல் ஆறு மாதம் கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. அவளுடைய மாமன் மகன் காளை இரண்டு தடவை பெண் கேட்டுவிட்டான். “செத்திருந்தா ஒரு சாமானாவது வந்திருக்கும்ல மாமா? வரலேல்ல, அப்ப அவரு வருவாரு” என்பதுதான் அவள் பதில். இருபத்தாறு வயதுக்குள் காதோரம் நரைத்துவிட்டது.

“ஆத்தா, துறைமுகத்துலருந்து ஒரு ஆளு வந்தாரு. இதைக் குடுத்துட்டுப் போனாரு” என்று நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துக்கொண்டு விளக்கடிக்குப் போனாள். வளையத்தைத் திருகினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தாள். சிவப்பு வரியின் மேல் கட்டைவிரல் நின்றது.

“அவரு வாட்ச்தான் மாமா” என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் அழுகை வந்தது. நாலு வருடத்து அழுகை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸைப் பார்க்கப் போகவில்லை. காரியம் முடிந்து மாதங்கள் போயின. காளை மூன்றாவது தடவை வந்து கேட்டான். தங்கப்பொண்ணு மறுப்புச் சொல்லாமல் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

கல்யாணம் பேசி முடித்த மறுநாள் காலை, பேச்சிமுத்து கடைவீதியில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். விசாகப்பட்டினம் போய்வந்த ஒருவர் எழுதித் தந்து, பத்து மாதமாக மடியில் வைத்திருந்த நம்பர்ச் சீட்டைக் கொடுத்துப் போடச் சொன்னார். மறுமுனையில் ஒரு கைக்குழந்தை அழுதது. ஒரு பெண் தெலுங்கில் யாரையோ கூப்பிட்டாள். பிறகு ஒரு ஆண் குரல் வந்தது. “நான்தான்டா” என்றார் பேச்சிமுத்து.

“அப்பாவா? நல்லா இருக்கீகளாப்பா?”

“இருக்கேன்டா. நீ உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள உன்னைய மன்னிச்சுட்டு, இன்னும் காத்துக்கெடக்கும். அதான் உனக்குக் காரியம் பண்ணிட்டேன். இனி இங்கிட்டு வந்துராத” என்று சொல்லி, பேச்சிமுத்து போனை வைத்தார்.