இப்போது பார்ப்பவர்கள்

இணையதளத்தை இயக்கும் கோட் ஒரு பக்கம், அதன் தோற்றத்தைத் தரும் தீம் ஒரு பக்கம். இனி எத்தனை கடைகளின் இணையதளங்கள் என்றாலும் என் பைத்தான் கோட் ஒன்றே போதும். கடைக்குக் கடை தீம் மட்டும் மாறும். பிரித்து முடித்த பெருமையோடு தீம் கோப்புகளை மட்டும் நாத்தனாரின் கணினிக்கு அனுப்பினேன். வடிவமைப்பு அவள் பொறுப்பு. அந்தக் கணினியில் என் கோட் ஓடத் தேவையான பைத்தானே கிடையாது.

"அண்ணி, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டாள்.

திரையின் அடியில் 'இப்போது பார்ப்பவர்கள்: 1' என்றிருந்தது. எண்ணைப் போடுவது என் கோட் செய்யும் வேலை. இங்கே அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.

"நீயே கையால போட்டிருப்ப."

"சத்தியமா இல்ல. நெட்டைக்கூட கழட்டிட்டேன்."

கோப்பைத் திறந்து பார்த்தேன். எண் வரவேண்டிய இடத்தில் வெறும் அடைப்புக்குறிகள்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகில் உட்கார்ந்தேன். எண் 2 ஆனது.

"பாத்தியா, சரியாத்தான் எண்ணுது" என்றேன். என் வேலைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிறகு அது 3 ஆனது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

நாத்தனார் மூன்றாவது நாற்காலியில் கிடந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.