இரண்டாவது இணைப்பு

வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொண்ட தேன்மொழி என்றாவது கூப்பிடுவாள் என்று அவள் அம்மா மரகதவல்லி நம்பினாள். ஆனால் கணவர் தணிகாசலம் கணினியில் இணையத்தைத் திறந்துவிட்டால் தொலைபேசிக்கு அழைப்பு வராது.

“அவ கூப்பிட்டிருப்பா. நீங்கதான் லைனை அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க” என்று தினமும் சண்டை.

அவர் பிராட்பேண்ட் போட்டார். “இனிமே நெட்டும் ஓடும், போனும் வரும்.”

மழைக்காலம் முடிந்தது. மகள் கூப்பிடவில்லை. மரகதவல்லி சண்டை போடுவதையே விட்டுவிட்டாள். சமையலுக்கு நடுவே வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள்.

ஒருநாள் அதைப் பார்த்த தணிகாசலம், “எக்சேஞ்சுல ஏதோ கோளாறாம். நமக்கு வர்ற கால் எதுவுமே வர்றதில்லையாம்” என்றார்.

அன்று காலையில்தான் மரகதவல்லியின் தங்கை கூப்பிட்டுப் பேசியிருந்தாள். மரகதவல்லி அவர் முகத்தையே பார்த்தாள்.

“சீக்கிரம் சரி பண்ணச் சொல்லுங்க” என்றாள்.