ஒரு மிடறு

விழுப்புரம் மாதா கோயில் கிணற்றடியில் சின்னப்பராஜ் வாய் கொப்பளிக்கிறான். ராத்திரியெல்லாம் பட்டாள ரயிலுக்குக் கரி வாரிப் போட்டவன். துப்புகிற தண்ணீர் கறுப்பாக விழுகிறது. உள்ளே பூசை நடக்கிறது. சாமியாவது பூதமாவது என்று மூன்று வருஷம் பேசித் திரிந்தவன், இன்றைக்குச் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்குவதாகப் பெண்டாட்டி சூசை மேரியிடம் சொல்லியிருக்கிறான். நன்மை வாங்குகிறவன் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட விழுங்கக் கூடாது. "இந்த வாயோட போனா, எஞ்சினே பூசைக்கு வந்துடுச்சின்னு உங்க சாமியார் ஓடிடுவாரு," என்கிறான் கூட வேலை செய்யும் மண்ணாங்கட்டி. சின்னப்பராஜுக்குச் சிரிப்பு வெடிக்கிறது. வாயிலிருந்த தண்ணீரில் ஒரு மிடறு உள்ளே இறங்கிவிடுகிறது. விரலைத் தொண்டைக்குள் விட்டு ஓங்கரிக்கிறான். கண்ணில்தான் தண்ணீர் வருகிறது. உள்ளே மணி அடிக்கிறது. மேரி முக்காட்டைப் பிடித்தபடி வாசலுக்கு ஓடி வருகிறாள். "ஜல்தி வாங்க, நன்மை குடுக்கறாரு." "நான் வர்ல, நீ போ." ஈரக் கையை நிஜாரில் துடைக்கிறான், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருக்கிறான். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டவள், முகம் சுண்டி உள்ளே போகிறாள். "ஒரு வாய்த் தண்ணிக்கா இவ்ளோ பேஜாரு?" என்கிறான் மண்ணாங்கட்டி. "போய் வாங்கிக்கினு வாடா. யாருக்குத் தெரியப்போவுது?" சின்னப்பராஜ் கோயில் பக்கம் திரும்பாமலே சீறுகிறான்: "சாமிக்குத் தெரியும்டா."