முன்சீட்டுச் சாட்சி

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, புருஷன் போட்டிருந்த சட்டையிலேயே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள் அவள். பதற்றத்தில் திருகித் திருகி அவனேதான் பிய்த்திருந்தான். பக்கத்தில் பாப்பா துண்டுக்குள் சுருண்டு தூங்கியது.

"ஆடாதீங்க. ஊசி குத்திடும்."

"அதை விடு. இன்னொரு தடவை சொல்லு, பார்ப்போம்."

"நான்... வண்டியில முன்சீட்டுல உட்கார்ந்திருந்தேன்."

"ம்."

"ஜனங்க ரோட்டைக் கடக்கிற வெள்ளைக் கோட்டுல அப்போ யாருமே இல்லை."

"கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கு! ஜட்ஜ் காதுல விழ வேண்டாமா?"

பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து திரும்புகிறவள் அவள்.

"நான் அன்னைக்கு வண்டியிலேயே இல்லையேங்க. பொய்யின்னு கண்டுபிடிச்சிட்டா?"

"நீ உள்ளே இருந்தேங்கிறது மட்டும்தான் பொய். கோட்டுல யாரும் இல்லைங்கிறது சத்தியம்! ஏற்கெனவே ரெண்டு கேஸ் இருக்கு. இதுவும் சேர்ந்தா லைசென்ஸ் போச்சு. அப்புறம் பிரெட் கம்பெனிக்காரன் என்னை டிரைவரா வச்சு அழகு பார்ப்பானா?"

ஊசி அவள் விரலிலேயே குத்தியது. சத்தம் காட்டாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கைக்குழந்தையோட ஒருத்தி வந்தான்னு போலீஸ்காரர் எழுதியிருக்காராமே?"

"தெருக்கோடியில நின்னவருக்குத் தெரிஞ்சது, ஸ்டியரிங் பிடிச்சவனுக்குத் தெரியாதா? போனும் கையுமா இருந்தேன்னு வேற சொல்றாரு. அடுத்து எந்தக் கடைக்கு பிரெட் போடணும்னு ஒரு தடவை பார்த்தேன், அது ஒரு குத்தமா? குழந்தையோட ஒருத்தி குறுக்கே வந்தா நிறுத்தாம போவேனா? நானும் பிள்ளை பெத்தவன்தானே!"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அவன் விடவில்லை. "சரி, அப்படியே ஒருத்தி இருந்தான்னே வச்சுக்க. அவ்வளவு பெரிய வண்டி வர்றது அவ கண்ணுக்குத் தெரியலையா? ஒதுங்க வேண்டியதுதானே? அறிவு வேண்டாம்?"

தைத்த பொத்தானை விட்டுக் கையை எடுக்காமல், தலையும் நிமிராமல், மெதுவாகச் சொன்னாள்.

"ஒதுங்கத்தாங்க நினைச்சேன். வர்றது நம்ம வண்டின்னு தெரிஞ்சதும், எங்களைப் பார்த்தா நிறுத்திடுவீங்கன்னு நின்னுட்டேன். பாப்பாகூட உங்களைப் பார்த்துக் கையை ஆட்டுச்சு. நீங்க போனைப் பார்த்துக்கிட்டே, எங்களை உரசுற மாதிரி..."

அறைக் கதவைத் திறந்து ஒருவர் கூப்பிட்டார்: "பிரெட் வண்டி கேஸ்! சாட்சி யாரும்மா? உள்ளே வாங்க!"