விண்டோஸ் போட்ட பிறகு

1998 ஆகஸ்ட் 3 அன்று காரைக்குடியில், வேளாங்கண்ணிக்குத் திருவிழா பஸ் விடும் சூசைமரியானின் அலுவலக லேப்டாப்பில் எழுத்து மட்டுமே தெரியும் பழைய டாஸை எடுத்துவிட்டு விண்டோஸ் போட்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் லேப்டாப் கொதித்து, பதினொரு மணிக்கெல்லாம் அசையாமல் நின்றது. மதுரையிலிருந்து மெக்கானிக் அருள்பாண்டி மூன்றாம் முறையாக வந்தார். அவர் முன்னால் மூன்று மணி நேரம் ஒழுங்காக ஓடியது.

“இதுல ஒரு கோளாறும் இல்லையே.”

“நீங்க இருந்தா ஓடுது சார். போனா நின்னுருது,” என்றாள் சீட்டுப் பதியும் பவுலின்.

“அப்ப இவ கைதான் சரியில்ல. இன்னைக்கும் நின்னுச்சுன்னா சீட்டுப் பதிய வேற ஆளைப் பாத்துக்கிறேன்,” என்றார் சூசைமரியான்.

அருள்பாண்டி கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில், ஸ்க்ரூ டிரைவரை விட்டுவந்தது ஞாபகம் வந்து அலுவலகத்துக்குத் திரும்பினார்.

திரையில் மாதா படம். லேப்டாப்பைச் சுற்றி மல்லிகை மாலை. கீபோர்டின் இருபுறமும் பன்னிரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்தன. சீட்டு எடுக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

“இதெல்லாம் நான் பாக்கலையே?”

“நீங்க வேலை பாக்க வாரீக, இடைஞ்சலா இருக்கும்னு எடுத்து வச்சிருவோம்,” என்றாள் பவுலின். “டாஸ்ல வெறும் கறுப்புத்தான். விண்டோஸ் வந்தப்பறம்தான் மாதா தெரியிறாக.”

“சூடாகுறப்பவாவது அணைக்கலாமே?”

“சூடானா மாதாவுக்குக் கோவம்னு இன்னும் ரெண்டு ஏத்துவோம்.”

அருள்பாண்டி படத்தையும் மாலையையும் மெழுகுவர்த்திகளையும் எடுத்தார். சாயங்காலம் வரை லேப்டாப் நிற்கவில்லை. வந்தவர்கள் மாதா எங்கே என்று கேட்டுவிட்டு, சீட்டு எடுக்காமல் போனார்கள்.

மறுநாள் சூசைமரியான் மாதாவையும் மெழுகுவர்த்திகளையும் லேப்டாப்பில் திரும்ப வைத்தார். பவுலினின் வேலை போகவில்லை. சீட்டுப் பதிய அவளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார்.