மூன்று விரல்கள்

வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தாள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே இரண்டு பஞ்சுருளைகள். விளக்கு முகத்துக்கு நேரே எரிந்தது.

பல் டாக்டர் கம்பியால் ஈறைத் தொட்டார்.

உடனே ரத்தம்.

"எத்தனை நாளா வருது?"

"ஒரு மாசமா டாக்டர்," என்றான் அவள் கணவன். அவளுடைய கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு கால்மாட்டில் நின்றிருந்தான். "ரத்தத்துக்குப் பயந்து இப்ப பல் தேய்க்கறதையே விட்டுட்டா."

எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதப்போன டாக்டர் நிறுத்தினார்.

"மாசமா இருக்கீங்களா?"

"இல்ல டாக்டர்," என்றான் அவன்.

முதல் முறை, கர்ப்பம் உறுதியான அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு பேருக்குப் போன் செய்திருந்தான். இரண்டாம் முறை அம்மாவிடம் மட்டும் சொன்னான். மற்றவர்களுக்கு அம்மா சொன்னாள்.

இரண்டும் தங்கவில்லை.

வாழ்த்தியவர்கள் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். பதில் சொன்னது அவள்தான்.

இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. நாள் தள்ளிப்போவது அவளுக்கு வழக்கம் என்பதால் அவன் கவனிக்கவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் தனியாகப் போய்க் காட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயில் பஞ்சு.

நாற்காலியின் கைப்பிடியிலிருந்து வலது கையை எடுத்தாள். மூன்று விரல்களை நீட்டினாள்.

"மூணாவது மாசமா?"

தலையசைத்தாள்.

அவன் கைப்பையின் ஜிப்பைத் திறந்தான். உள்ளிருந்து எதையும் எடுக்காமல் மூடினான்.

"அதான் ஈறு வீங்கியிருக்கு. இந்த நேரத்துல நிறையப் பேருக்கு வரும். ரத்தம் வருதுன்னு தேய்க்காம விட்டா இன்னும் அதிகமாகும். மெத்துன்னு ஒரு பிரஷ் வாங்கி ரெண்டு வேளையும் தேய்ங்க. எக்ஸ்ரே வேணாம். இன்னிக்கே சுத்தம் பண்ணி விட்டுடறேன். அதனால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது."

கண்ணோரத்து ஈரம் காதுவரை இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

வெளியே வந்தார்கள். மாடிப்படியில் அவளுக்கு ஒரு படி முன்னால், பக்கவாட்டில் திரும்பியபடி இறங்கினான்.

பாதிப் படியில் அவன் போன் அடித்தது. அம்மா.

"என்னடா சொன்னாங்க?" என்பது அவளுக்கும் கேட்டது.

அவன் அவளைப் பார்த்தான்.

அவளும் பார்த்தாள்.

"ஈறு வீக்கம்மா," என்றான். "வேற ஒண்ணுமில்ல."