உன் ஓட்டு ஒண்ணு போதும்

"ரெண்டு கட்டமும் நிரப்பணும். வேணும்னா டிக், வேணாம்னா பெருக்கல் குறி. ஒண்ணு காலியா இருந்தாலும் செல்லாது," என்றார் பத்தாம் வகுப்பு டீச்சர்.

வகுப்புத் தலைவி தேர்தல். சீட்டில் இரண்டே பெயர்கள்: காவேரி, ஸிந்துஜா. ஸிந்துஜாவின் பெயரைப் பார்த்ததும் காவேரிக்கு வயிறு எரிந்தது. முதல் மார்க்கும் அவளுக்கு, பாட்டுப் பரிசும் அவளுக்கு. காவேரியின் அப்பா நெய்த பட்டுப்பாவாடைகூட அவள் இடுப்புக்குத்தான் போனது.

காலையில் அவள் வந்து கையைப் பிடித்தாள். "எனக்கு உன் ஓட்டு ஒண்ணு மட்டும் போதும்டி."

"காமாட்சி மேல சத்தியமா உனக்குத்தான் போடுவேன்பா," என்றிருந்தாள் காவேரி.

இப்போது ஸிந்துஜாவுக்கு நேராகப் பெருக்கல் குறியை அழுத்திப் போட்டாள். தன் பெயருக்கு நேராக டிக்கையும் மறக்கவில்லை. இரண்டு தடவை சரிபார்த்து மடித்துக் கொடுத்தாள்.

எண்ணி முடித்த டீச்சர் முகம் மலர்ந்தது. "நாப்பத்தோரு பேரும் ஒழுங்கா நிரப்பியிருக்கீங்க. செல்லாத ஓட்டே இல்ல. நாப்பத்தொண்ணும் காவேரிக்கு!"

காவேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஸிந்துஜாதான் டீச்சர், ஒரு வாரமா எல்லார் கிட்டயும் காவேரிக்கே போடச் சொல்லிக்கினு இருந்தா!" என்று பின்பெஞ்சு ரக்ஷா கத்தினாள்.

வகுப்பே கைதட்டியது. முதல் பெஞ்சில் ஸிந்துஜா மட்டும், தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, மெல்லத் திரும்பி காவேரியைப் பார்த்தாள்.